மானியம் வந்தாச்சு 3.50

எஸ்தரிடம் யார் எதைக் கேட்டாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது ஒரே சொல்தான். கேரம் போர்டுக்குப் பவுடர் தீர்ந்துவிட்டதா? "மானியம் வரட்டும்டா, பாக்கலாம்." மின்விசிறி சுற்றாமல் முனகுகிறதா? "மானியம் வந்ததும் மொத வேல அதான்." அடித்த பந்து ஆற்றில் விழுந்து, ஆற்றோடு கடலுக்கும் போய்விட்டதா? "போனா போவுது, மானியம் வரட்டும்." கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். போகும்போது ஏன் சிரித்துக்கொண்டே போகிறார்கள் என்று மட்டும் அவளுக்குப் பதினான்கு வருடமாகப் புரியவில்லை.

பட்டினப்பாக்கத்தில், ஆறு கடலோடு சேரும் இடத்துக்குச் சற்று இப்பால் ஒரு சமூகக்கூடம் இருக்கிறது. கீழ்த்தளத்தில் கல்யாணம், காதுகுத்து. மாடியில், அரசு மானியத்தில் நடக்கும் இளைஞர் மையம். பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயது வரை உள்ள யாரும் மாலை நான்கு மணியிலிருந்து எட்டு வரை வரலாம். 'ஆளுமை மேம்பாடு, வழிகாட்டல், விளையாட்டு' என்று போர்டில் எழுதியிருக்கும். உள்ளே நடப்பது வேறு. ஒருத்தனுக்குச் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கத் தெரியாது. ஒருத்திக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருக்கும், அப்பாவிடம் போய்ப் பேச ஆள் வேண்டும். இன்னொருத்தன் எங்கேயோ யாரையோ அடித்துவிட்டு வந்து மூலையில் உட்கார்ந்திருப்பான்; அவனிடம் யாரும் எதுவும் கேட்காமல் இருக்க வேண்டும். கேட்காமல் இருப்பதும் ஒரு வேலைதான் என்று எந்த அரசாணையிலும் போடவில்லை. எஸ்தர் அதையும் செய்தாள்.

அவள் அதே குப்பத்துப் பெண். அம்மா லூர்தம்மா இன்றைக்கும் மந்தைவெளி முனையில் மீன் விற்கிறாள். எஸ்தர் படித்து முடித்துவிட்டு தி.நகரில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்றில் ஆறு வருடம் புடவை விரித்தாள். காலையில் நின்றால் கடை மூடும்வரை நின்ற கால்தான், உட்காரக் கூடாது. இந்த மையத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நேர்காணலுக்குப் போனாள். இந்த வேலையில் உங்களை ஈர்த்தது எது என்று கேட்டார்கள். "நாற்காலி உண்டா சார்?" என்று இவள் திருப்பிக் கேட்டாள். சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள். நாற்காலி உண்டு என்பது உண்மைதான். பதினான்கு வருடமாக அதில் எவனாவது ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான்.

சம்பளம் என்று சொல்லத் துறைக்குக் கூச்சம். மதிப்பூதியம் என்பார்கள். மதிப்பு தினமும் உண்டு, ஊதியம் வரும்போது வரும். மையத்துக்கான மானியம் வருடத்துக்கு இரண்டு தவணை. முதல் தவணை மழைக்காலத்தில் வரும், இரண்டாவது தவணை அடுத்த வருடத்து வெயிலில் வரும். நடுவில் சாக்பீஸ் முதல் சானிட்டரி நாப்கின் வரை எஸ்தரின் கைப்பையிலிருந்துதான் வரும். "கெவர்மெண்டு உனக்குக் குடுக்குதா, நீ கெவர்மெண்டுக்குக் குடுக்கறியாடி?" என்று லூர்தம்மா கேட்பாள். நியாயமான கேள்வி. எஸ்தர் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் போய்விடுவாள்.

அந்தக் குப்பத்தில் பட்டப்பெயர் இல்லாத மனிதரைப் பார்க்க முடியாது. மையத்தில் மட்டும் நான்கு பாரத். ஒருத்தன் அரைக்கிலோ, ஒருத்தன் டோக்கன், ஒருத்தன் கரண்ட்டு, ஒருத்தன் வெறும் பாரத். கால்பந்து அணியில் எப்போதும் மாற்று ஆளாகவே வெளியில் உட்கார்ந்திருக்கும் பிரபாகர், ஸ்டெப்னி. இதெல்லாம் முகத்துக்கு நேரே கூப்பிடும் பெயர்கள். பெரியவர்களுக்கு வைக்கும் பெயர் மட்டும் அவர்கள் காதுக்குப் போகவே போகாது. ஊரே கூப்பிடும், அவருக்குத் தெரியாது. அங்கே அதுதான் மரியாதை.

தனக்கும் ஒன்று இருக்கும் என்று எஸ்தருக்குத் தெரியும். அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். ஒருமுறை ஸ்டெப்னிக்கு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தும் பார்த்தாள். அவன் நான்கையும் தின்றுவிட்டு, "அதெல்லாம் ஒண்ணியும் இல்லக்கா," என்று கையைத் துடைத்துக்கொண்டான்.

வருகைப் பதிவேடு எழுதுவது தமிழ்நிலாவின் பொறுப்பு. வயது பத்தொன்பது, கல்லூரியில் இரண்டாம் வருடம். ஆற்றோரக் குடிசைகளை எடுத்தபோது அவள் குடும்பத்தை ஊர்க்கோடியில் பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். கல்லூரி முடிந்ததும் அவள் இரண்டு பஸ் மாறி இங்கே வந்து, எட்டு மணிக்கு மறுபடி இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போவாள். "எத்தன மணிக்குத் தொறந்தோம்னு தெனமும் மேல எழுதிடு, ஆபீஸ்ல கேப்பாங்க," என்று எஸ்தர் அவளிடம் ஒரு தடவை சொன்னாள். அத்தோடு சரி. நாற்பத்து மூன்று வயதாகிறது, பொடி எழுத்து மங்கலாகிவிட்டது, கண்ணாடி போட மனம் வரவில்லை. மாதக் கடைசியில் அடியில் பெரிதாகப் போட்டிருக்கும் கூட்டல் தொகையைப் பார்ப்பாள், கையெழுத்துப் போடுவாள்.

இந்த வருடம் செலவுச் சான்றிதழோடு பதிவேட்டின் அசலையும் கேட்டார்கள். கொண்டுபோய்க் கொடுத்தாள். ஏப்ரலில், ஒரு திங்கட்கிழமை, பதில் வந்தது.

கடிதத்தைக் கையை நீட்டி எட்டப் பிடித்து வாசித்தாள். வருகைப் பதிவேட்டை ஆய்வு செய்ததில், துறை விடுவிக்காத பல தேதிகளில் மானியம் பெறப்பட்டதாகப் பதிவுகள் உள்ளன. மேலும், மையம் செயல்படவில்லை என்று தாங்களே அறிக்கையில் தெரிவித்த பதினோரு நாட்களுக்கு வருகை பதியப்பட்டுள்ளது. புதன்கிழமை நேரில் ஆய்வு நடைபெறும். உரிய விளக்கம் இல்லாதபட்சத்தில் மானியம் நிறுத்தப்பட்டு, மையத்தின் சாவி திரும்பப் பெறப்படும்.

எஸ்தர் மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். துறை கொடுக்காத மானியமா? யார் கொடுத்தார்கள்? யார் வாங்கினார்கள்? அந்தப் பதினோரு நாட்கள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தன. அக்டோபரில் லூர்தம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். இவள் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் துண்டு விரித்துப் படுத்துக் கிடந்தாள். மையம் பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்ததும் அதை அப்படியே நேர்மையாக எழுதிக் கொடுத்தாளே!

அன்று மாலை எல்லோர் முன்னாலும் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். அரைக்கிலோ கேரம் காயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஸ்டெப்னி ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தான். அவன் பிறந்ததிலிருந்து பார்க்கிற கடல்தான்.

"நிலா, நீதானே எழுதுன? இன்னாடி இது?"

தமிழ்நிலா எழுந்து நின்றாள். "ஆபீஸ் சார் வரட்டும்க்கா. நான் அவரான்டயே சொல்லிக்கறேன்."

"என்கிட்ட சொல்ல மாட்டியா?"

"சார்கிட்ட சொல்லிக்கறேங்கா."

வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டுமென்றால், எஸ்தர் அந்த இரண்டு நாளும் அந்தப் பெண்ணைச் சந்தேகப்பட்டாள். யாரோ ஒரு அறக்கட்டளை ஆள் வந்தான், மையத்தின் பெயரைச் சொல்லிப் பணம் கொடுத்தான், இவள் வாங்கினாள், பெரும்பாக்கத்தில் வீட்டுக் கஷ்டம் என்று மனம் தானே ஒரு கதை கட்டிவிட்டது. கட்டின கதையை நம்பவும் இல்லை, விடவும் இல்லை. செவ்வாய்க்கிழமை தமிழ்நிலா டீ கொண்டுவந்து வைத்தபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை சரியாக நான்கரைக்கு ராகவேந்திரன் வந்தார். ஓய்வுபெற எட்டு மாதம் பாக்கியுள்ள ஆய்வு அலுவலர். மயிலாப்பூர் மாடவீதிப் பக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து, மாடிப்படி ஏறிய மூச்சிரைப்போடு நாற்காலியைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த கரண்ட்டு எழுந்து இடம் கொடுத்தான். அவர் பதிவேட்டை மேசையில் வைத்து, சிவப்பு மைப் பேனாவைத் திறந்து, மேலே பார்த்தார். மின்விசிறி முனகியது, சுற்றவில்லை.

"இதைப் போடப்படாதோ?"

"போட்டுத்தான் சார் இருக்கு."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறந்தார். "ஏம்மா, முப்பது வருஷமா இந்த வேலை பாத்துண்டிருக்கேன். இப்படி ஒரு பதிவேட்டை நான் பாத்ததில்லை. ஜூன் மாசத்துல மட்டும் இருபத்திரண்டு தரம் மானியம் வந்திருக்கு. ரெண்டாம் தேதி, 'மானியம் வந்தாச்சு, மூணு அம்பது.' மூணாம் தேதி நாலு பத்து. அஞ்சாம் தேதி மூணு நாப்பத்தஞ்சு. எல்லாம் லட்சம்தானே? கூட்டிப் பாத்தேன். ஒரே மாசத்துல எண்பது லட்சத்துக்கிட்டக்க போறது. யாரும்மா கொடுக்கறா?"

எஸ்தருக்கு அழுகை வரும் முன் சிரிப்பு வந்துவிட்டது. "எம்பது லட்சமா? சார், எங்களான்ட ஃபேனே ஓடல சார்!"

ராகவேந்திரன் மறுபடி மேலே பார்த்தார். "அதுதான் எனக்கும் இடிக்கறது," என்றார். பக்கங்களைப் புரட்டினார். "சரி, இதைக் கேளுங்கோ. ஜூலை பதினேழு. 'மானியம் லேட்டு. பஸ்ஸு கெடக்கலியாம்.' ஏம்மா, நாங்க பேங்க்ல போடறோம். அது எப்போ பஸ்ல வர ஆரம்பிச்சுது? ஆகஸ்ட் நாலு. 'மானியம் இன்னிக்கி செம கோவமா கீது, யாரும் கிட்ட போவாதீங்க.' மானியம் நிக்கும், குறையும். கோவப்பட்டு நான் பாத்ததில்லை. செப்டம்பர் ஒம்பது. 'மானியம் சொறா புட்டு எடுத்தாந்துச்சு. ஆளுக்கு ஒரு வாய்.'"

சுறாப் புட்டு என்றதும் எஸ்தர் நிமிர்ந்தாள். அந்தப் புட்டைக் கிளறியது அவள். தூக்குவாளியில் எடுத்து வந்ததும் அவள். மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் முப்பது பேரும் ஒரே மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டெப்னியால் மட்டும் தாங்க முடியவில்லை. வாயைப் பொத்தியும் மூக்கு வழியாகச் சிரிப்பு வெடித்துவிட்டது.

"ஏய்... மானியம்னா யாருடி?"

தமிழ்நிலா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "நீதாங்கா."

"நானா?"

"இன்னா கேட்டாலும் மானியம் வரட்டும், மானியம் வரட்டும்னு சொல்லிகினே இருந்தியா... நான் இங்க வர்றதுக்கு முன்னாடியே வச்ச பேருக்கா அது. நான் வைக்கல." பிறகு ராகவேந்திரன் பக்கம் திரும்பினாள். "அது துட்டு இல்ல சார், டைமு. மூணு அம்பதுக்கு அக்கா வந்துச்சுன்னு அர்த்தம். எத்தன மணிக்குத் தொறந்தோம்னு எழுதச் சொல்லுச்சு, எழுதினேன். எப்பவும் கூப்புடுற பேரு, கையில வந்துருச்சு."

ராகவேந்திரன் தன் தாளில் போட்டு வைத்திருந்த எண்பது லட்சக் கணக்கை ஒரு நிமிடம் பார்த்தார். குறுக்கே ஒரு கோடு இழுத்தார். இரண்டு இரவு உட்கார்ந்து போட்ட கணக்கு என்பது முகத்தில் தெரிந்தது. பதினான்கு வருடம் தன்னை என்னவென்று கூப்பிட்டார்கள் என்று தெரிந்ததும் கோபம் வரும் என்றுதான் எஸ்தர் இத்தனை நாள் நினைத்திருந்தாள். வரவில்லை. காது மட்டும் சூடாக இருந்தது.

"சரி," என்றார் அவர். குரலில் இப்போது அலுவலகம் திரும்பி வந்திருந்தது. "அது போகட்டும். அக்டோபருக்கு என்ன பதில்? இவங்க மூடியிருந்ததுன்னு எழுதிக் கொடுத்திருக்கா. பதிவேட்டுல பதினோரு நாளும் ஆள் வந்திருக்கு. இதுவும் பட்டப்பேரா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவரே வாசித்தார்.

"'மானியம் வரல. அம்மாவுக்கு ஆபரேசன். நாமளே தொறந்துட்டோம். 31 பேர்.' அடுத்த நாள், 'மானியம் வரல. தொறந்தாச்சு. 34 பேர்.' அதுக்கடுத்த நாள், 'மானியம் வரல. தொறந்தாச்சு.' இப்படியே பதினோரு நாள்." கண்ணாடியைக் கழற்றினார். "பொறுப்பாளர் இல்லாம மையத்தைத் திறக்கப்படாது. விதி அஞ்சு. யார் திறந்தது?"

எஸ்தர் தமிழ்நிலாவைத் திரும்பிப் பார்த்தாள். இந்தப் பெண் இரண்டு நாளாக வாயைத் திறக்காததற்குக் காரணம் இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

"நான்தான் சார்," என்றாள் தமிழ்நிலா. "கீழ வாட்ச்மேன் ரங்கன் தாத்தாகிட்ட இன்னொரு சாவி கீது. வாங்கினேன். அக்காவுக்குத் தெரியாது சார், நெசமா. தெரிஞ்சா திட்டும்னு சொல்லல. அது மேல எதுவும் எழுதிடாதீங்க. என் மேல எழுதுங்க."

"பதினோரு நாள் என்ன பண்ணேள்?"

"ஒண்ணும் பெருசா பண்ணல சார். கரண்ட்டுக்கு டிப்ளமா எக்ஸாமு, பக்கத்துல உக்காந்து படிக்க வச்சோம். ரெண்டு பேருக்கு ஸ்காலர்ஷிப் ஃபாரம் அப்லோடு பண்ணோம். ஒரு நாளு டோக்கன் வெளிய யாரையோ போட்டு அடிச்சிட்டு வந்துட்டான். மூலையில உக்கார வச்சிட்டோம்."

"ஏன் அடிச்சான்?"

"தெரியாது சார். கேக்கல."

"ஏன் கேக்கலை?"

தமிழ்நிலா அவரை வினோதமாகப் பார்த்தாள். "அக்கா கேக்காது சார்."

எஸ்தர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். யாருக்கும் சொல்லிக் கொடுத்ததாக அவளுக்கு நினைவில்லை. அந்த மூலையை அவர்கள் இத்தனை வருடமும் கவனித்திருக்கிறார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது. அதுவும், எந்தப் பெண் கொண்டுவந்த டீயை நேற்று வேண்டாமென்று தள்ளினாளோ அவள் வாயிலிருந்து வர வேண்டுமா? அழுதாள். முப்பது பேரும் அந்த மையத்து வழக்கப்படி ஒன்றும் கேட்காமல் நின்றார்கள்.

ராகவேந்திரனும் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கோப்புக் கட்டிலிருந்து எஸ்தரின் ஆண்டறிக்கையை உருவினார். "ஏம்மா, திட்டத்தோட முதல் நோக்கம் என்னன்னு தெரியுமோ? 'இளைஞர்கள் தாமாகவே பொறுப்பேற்கும் பண்பை வளர்த்தல்.' எதிர்ல சான்றுன்னு ஒரு கட்டம். பதினாலு வருஷமா நீங்க அதுல என்ன எழுதியிருக்கேள்? 'பேச்சுப் போட்டி நடத்தப்பட்டது.'"

"எல்லாரும் அதான் சார் எழுதுவாங்க," என்றாள் எஸ்தர் முந்தானைக்குள்ளிருந்து.

"எல்லாரும் அதைத்தான் எழுதறா. நானும் எல்லாத்துக்கும் டிக் போட்டிருக்கேன்." பேச்சுப் போட்டியை அடித்தார். சிவப்பு மையால் எழுதிக்கொண்டே வாசித்தார். "பதிவேட்டில் மானியம் எனக் குறிப்பிடப்படுபவர் மையப் பொறுப்பாளர் செல்வி எஸ்தர் ஆவார். அக்டோபரில் அவர் வர இயலாத பதினோரு நாட்களும் இளைஞர்கள் தாமாகவே மையத்தை நடத்தியுள்ளனர். முதல் நோக்கம் நிறைவேறியது. மானியம் தொடரலாம்." பேனாவை மூடினார். "விதி அஞ்சுக்கு ஒரு எச்சரிக்கை போடறேன். அதைப் போடாட்டா எனக்குத் தூக்கம் வராது. இனிமே வாட்ச்மேன்கிட்ட சாவி வாங்கினா எழுதி வாங்குங்கோ."

படி இறங்கும்போது திரும்பி, "எனக்கும் பேர் வச்சாச்சோ?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல சார்," என்றான் ஸ்டெப்னி, மிகப் பணிவாக.

அவர் திருப்தியோடு ஸ்கூட்டரை எடுத்தார். அவர் தெரு திரும்புவதற்குள், எண்பது லட்சம் சார் நல்ல மனுசன் என்று கூடத்தில் பேச்சு தொடங்கிவிட்டது.

எஸ்தர் தமிழ்நிலாவைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். "உன்ன சந்தேகப்பட்டுட்டேன்டி."

"தெரியும்க்கா. மானியம் டீ வேணான்னா வேற இன்னா அர்த்தம்?"

மூன்று வாரத்தில் மானியம் தொடர்வதற்கான ஆணை வந்தது. இன்னும் ஒரு வருடத்துக்குச் சாவி எஸ்தரிடம்தான். அந்தச் சந்தோஷத்தில் லஸ் முனையில் ஒரு கடைக்குப் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டாள். போட்டதும் முதல் வேலையாகத் திரும்பி வந்திருந்த பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உட்கார்ந்து படித்தாள். இடையிடையே தனியாகச் சிரித்தாள். அக்டோபர் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் தமிழ்நிலாவுக்குப் பரீட்சை, வர முடியவில்லை. எஸ்தர் மாடி ஏறிக் கதவைத் திறந்து, ஜன்னல்களையும் திறந்துவிட்டுத் திரும்பினாள். பவுடர் தீர்ந்துபோன கேரம் போர்டைச் சுற்றி அதற்குள் நான்கு பேர். மின்விசிறி முனகியது. நாற்காலியில் வெறும் பாரத் உட்கார்ந்திருந்தான். அவள் நின்றபடியே பதிவேட்டைத் திறந்து, தேதி போட்டு, மேல் வரியில் எழுதினாள்.

'மானியம் வந்தாச்சு 3.50. பணம் இன்னும் வரல. தொறந்தாச்சு.'